கப்பலேறப் போகுது குடும்பம்

எங்க குடும்பத்துல இதுவரைக்கும் கப்பலேறினது ஒண்ணே ஒண்ணுதான். மானம். அதுவும் பல தடவை, டிக்கெட் எடுக்காம.

இப்ப விசயம் என்னன்னா மக்களே, நானும் தங்கமணியும் நெசமாவே கப்பலேறப் போறோம். மத்தியதரைக் கடல்ல, அடுக்குமாடி கணக்கா நிக்கிற ஒரு கப்பல்ல, ஏழு ராத்திரி. இன்னும் போகல. செப்டம்பர் கடைசியிலதான். போயிட்டு வந்து போட்டோவோட எழுதலாம்னு இருந்தேன். ஆனா ஏற்பாட்டுலயே ஒரு கதை நடந்துபோச்சு. அதை இப்பவே எழுதலன்னா அப்புறம் எழுத மாட்டேன். அதான் இந்தப் பதிவு.

வில்லாபுரம் தெரியாதவங்களுக்கு: மதுரைக்குத் தெக்கால ஓரம். இங்கிட்டுக் கொஞ்ச தூரத்துல மீனாட்சி அம்மன் கோயில், அங்கிட்டுப் பொங்கலன்னிக்கு மாடு பாயிற அவனியாபுரம், அதையும் தாண்டினா ஏர்போர்ட். ப்ளேன் எங்க மொட்டை மாடியில காயப்போட்ட வத்தலை எட்டிப் பாத்துட்டுத்தான் இறங்கும். கடல் மட்டும் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆறு ஒண்ணு இருக்கு, பேரு வைகை. அதுல தண்ணி வந்தா நாங்க வண்டியை நிறுத்திட்டுப் பாலத்துல நின்னு வேடிக்கை பாப்போம். 2017-ல அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட ஊர்க்காரங்க நாங்க. தண்ணி விசயத்துல எங்களை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, நாங்களே பண்ணிக்குவோம் :-)

நான் ரிட்டயர் ஆனதும் பய பெங்களூர்ல இருந்து போன் போட்டான். "அப்பா, ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்க. சேந்து போனதே இல்லைல்ல." உண்மைதான். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு கல்யாணமாகி. போனதெல்லாம் குலசாமி கோயில், கல்யாண வீடு, துட்டி வீடு, பயலோட கல்லூரி அட்மிசன். ரெண்டு பேரா மட்டும் போனது 1994-ல கன்னியாகுமரிக்கு. அங்க விவேகானந்தர் பாறைக்குப் போற படகுல, பத்து நிமிசப் பயணத்துல, வாந்தி எடுத்தது தங்கமணின்னு எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். எடுத்தது நான். அவ துண்டை நீட்டினா. ஊர்ல வந்து கதையை மாத்திச் சொன்னது யாருன்னு கேக்காதீங்க. அவ இன்னிக்கு வரைக்கும் காட்டிக் கொடுக்கல.

முதல்ல சென்னைக் கப்பலைத்தான் பாத்தோம். 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து உல்லாசக் கப்பல் கிளம்பினப்ப டிவியில காட்டினாங்க இல்லையா, அது மனசுல இருந்துச்சு. ஆனா எனக்கு உள்ளூர ஒரு ஆசை. நேப்பிள்ஸ்ல இருக்கற தொல்பொருள் அருங்காட்சியகத்துல ஒரு தந்தச் சிலை இருக்கு. கால் மீட்டர் உசரம் இருக்கும். 1938-ல பாம்பேய் அகழாய்வுல கிடைச்சது. கி.பி. 79-ல வெசூவியஸ் மலை வெடிச்சுச் சாம்பல்ல புதைஞ்ச ஊர்ல, நம்ம நாட்டுல செதுக்கின பொம்பளைச் சிலை. லட்சுமின்னு பேர் வெச்சுட்டாங்க, யட்சின்னு சொல்றவங்களும் உண்டு. நம்ம வைகை கடல்ல சேர்ற பக்கம், ராமநாதபுரத்துக்கிட்ட அழகன்குளத்துல தோண்டினப்ப ரோமானியக் காசு, ஒயின் சாடி ஓடு எல்லாம் வந்துச்சு. ஒரு பானை ஓட்டுல கப்பல் படம் கீறியே வெச்சிருந்தாங்க. அங்கிட்டு இருந்து சாடி வந்திருக்கு, இங்கிட்டு இருந்து மிளகும் முத்தும் தந்தமும் போயிருக்கு. ரெண்டாயிரம் வருசம் முன்னாடி போன அந்தப் பொம்மையைப் போய்ப் பாத்துட்டு வரணும்னு எனக்கு ரொம்ப நாள் கிறுக்கு.

அதனால மத்தியதரைக் கடல்.

அப்புறம் என்ன, ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கினேன். நான் எதைச் செஞ்சாலும் நோட்டு போட்டுத்தான் செய்வேன். பயலோட காதுகுத்துச் செலவு நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு. பஸ் ரூட் படிக்கிற மாதிரி கப்பல் ரூட் படிச்சேன். பார்சலோனால ஏறுறோம், மறுநாள் பிரான்சுல மார்செய், அடுத்து இத்தாலியில ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, அப்புறம் மால்டா நாட்டுல வலெட்டா, அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல், எட்டாவது நாள் திரும்பப் பார்சலோனா. ராத்திரி ஓடும், பகல்ல நிக்கும். நம்ம ஆம்னி பஸ் டூர் மாதிரியேதான், ஆனா பஸ்ஸுக்குள்ள நீச்சல் குளம் இருக்கு.

விசா கதையைச் சொல்லணும். ஷெங்கன்னு சொல்ற இருபத்தொன்பது நாட்டுக் கூட்டத்துக்கு ஒரே விசா. எந்த நாட்டுக்கிட்ட கேக்கணும்? எந்த நாட்டுல அதிக நாள் இருக்கமோ அவங்ககிட்ட. சமமா இருந்தா முதல்ல எங்க காலு வைக்கிறமோ அவங்ககிட்ட. நான் விரல் விட்டு எண்ணினேன். கப்பல் கிளம்பறதுக்கு முந்தின நாளே பார்சலோனா போயிரணும், ஏன்னா ப்ளேன் லேட்டானா கப்பல் நமக்காக நிக்காது. அப்ப ஸ்பெயின் மூணு நாள். இத்தாலி மூணு துறைமுகம், மூணு நாள். டை! முதல் காலு ஸ்பெயின்ல, அதனால ஸ்பெயின். இதைக் கண்டுபிடிச்சு ஏஜென்ட்டுக்குச் சொன்னப்ப, அவரு "சார் நீங்க ரிட்டயர் ஆயிருக்கக் கூடாது சார்"னாரு. பாராட்டா, சலிப்பான்னு தெரியல.

ஆளுக்குத் தொண்ணூறு யூரோ கட்டணம் (2024 ஜூன்ல எண்பதுல இருந்து ஏத்தினாங்க), முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, கைரேகை கொடுக்கச் சென்னைப் பயணம். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்து விண்ணப்பிக்கலாம், பதினஞ்சு நாளுக்குள்ள வந்தா வாங்க மாட்டாங்க. இன்னொண்ணு, கப்பல் நடுவுல துருக்கி, துனிசியா மாதிரி ஷெங்கன்ல இல்லாத ஊருக்குப் போச்சுன்னா திரும்ப உள்ள வர ஒருதடவை விசா பத்தாது, பலதடவை நுழையற விசா வேணும். எங்க ரூட்ல அந்தத் தொல்லை இல்ல. மால்டாவும் ஷெங்கன்தான்.

பேரு விசயத்துலதான் மூச்சு முட்டிப்போச்சு. என் பாஸ்போர்ட்ல குடும்பப் பேருன்னு எங்கப்பா பேரு. தங்கமணி பாஸ்போர்ட்ல எங்க மாமனார் பேரு. வெள்ளைக்காரன் பாரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வேற வேற குடும்பம். "கல்யாண சர்டிபிகேட் இருந்தா நல்லது சார்"னாரு ஏஜென்ட். 1994-ல யாரு பதிஞ்சா? பத்திரிகை இருக்கு, மொய் நோட்டு இருக்கு. கடைசியில சார்பதிவாளர் ஆபீஸ்ல, நரைச்ச தலையோட, இந்து திருமணச் சட்டத்துல பதிய நின்னோம். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த என் மச்சினன், "மாமா, இப்பயும் ஒண்ணும் கெட்டுப் போகல, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னான். தங்கமணி அவனைப் பாத்து, "யார்கிட்டடா கேக்குற? என்கிட்ட கேளு"ன்னா. ஆபீஸே சிரிச்சுச்சு. ஹி ஹி, நானும்தான்.

இனி விசயத்துக்கு வர்றேன்.

தினம் ராத்திரி சாப்பிட்டதும் நோட்டைத் தங்கமணிக்கு வாசிச்சுக் காட்டுவேன். மார்செய்ல காலையில எட்டுக்கு இறங்கி எந்த பஸ், ஜெனோவால எந்தத் தெரு, மெசினால எட்னா எரிமலை பாக்கப் போறதா, தவோர்மினா ஊருக்குப் போறதா. ஊரு ஊருக்குக் கரைச் சுற்றுலான்னு கப்பல்காரங்களே காசு வாங்கிக் கூட்டிட்டுப் போவாங்க. அதுல போனா லேட்டானாலும் கப்பல் காத்திருக்கும், தனியா போனா டாட்டா காட்டிட்டுப் போயிரும். நான் ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு டிக் பண்ணி வெச்சிருந்தேன். அந்தக் காசைச் சரிக்கட்ட, ரூம் மட்டும் சன்னல் இல்லாத உள் அறை. தூங்கத்தானே போறோம், சன்னல் எதுக்கு? அதோட கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல இருக்கற அறையில ஆட்டம் கம்மியா தெரியும். (கன்னியாகுமரி ஞாபகம்!)

கடைசிக்கு முந்தின நாள், கப்பல் எங்கயும் நிக்காத அந்தக் கடல் நாளை மட்டும் சிவப்பு மையில சுழிச்சு, "வேஸ்ட்"னு எழுதி வெச்சிருந்தேன்.

தங்கமணி எல்லாத்துக்கும் "ம்" சொல்லுவா. கேள்வி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "கப்பல்ல அத்தனை பேருக்குத் தண்ணி எங்க இருந்து வருது?"

நல்ல கேள்வியாச்சேன்னு தேடிப் படிச்சேன். துறைமுகத்துல கொஞ்சம் ஏத்திக்குவாங்க. மீதியைக் கடல்லயே தயார் பண்ணிக்குவாங்க. ஒரு வழி, எஞ்சின் சூட்டை வெச்சுக் கடல் தண்ணியை ஆவியாக்கிக் குளிர வைக்கிறது. காத்தழுத்தத்தைக் குறைச்சுட்டா தண்ணி நூறு டிகிரிக்கு ரொம்பக் கீழயே கொதிச்சுரும், அதனால எஞ்சின்ல வீணாப் போற சூடே போதும். இன்னொரு வழி, நம்ம அடுப்படி ஆர்.ஓ. மெசின்தான், ஆனா ராட்சசன். உப்புத் தண்ணியைப் பயங்கர அழுத்தத்துல சவ்வு வழியாத் தள்ளுறது. அப்புறம் தாது உப்பு, குளோரின் சேத்துக் குழாய்க்கு விடுவாங்க. கரையோரம் தண்ணி அசுத்தமா இருக்கும்ங்கறதால, துறைமுகத்துல நிக்கறப்ப பொதுவா இதைச் செய்ய மாட்டாங்க, ஓடறப்பத்தான். சென்னைக்கு மீஞ்சூர்ல 2010-ல வந்ததும் இதே சமாச்சாரம்தான், ஊருக்கே. இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ராத்திரியும் வருமா?"ன்னா. "எப்பவும் வரும்"னேன். "ம்."

ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு. நோட்டு வாசிக்க முடியல. மொட்டை மாடியில உக்காந்திருந்தோம். அம்மா கீழ வாசத் திண்ணையில விசிறிக்கிட்டு இருந்தாங்க. அப்ப தங்கமணி சொன்னா:

"ஏங்க, அந்த ஒண்ணுமில்லாத நாள்னு ஒண்ணு சொன்னீங்களே... அதே மாதிரி இன்னொரு நாள் கிடைக்காதா?"

எனக்குப் புரியல. "எந்த நாளு?"

"கப்பல் எங்கயும் நிக்காத நாளு. எறங்க வேணாம், எங்கயும் ஓட வேணாம்னு சொன்னீங்கள்ல."

"அது வேஸ்ட்டும்மா. காசு கொடுத்துப் போயிட்டு ஒரு ஊரும் பாக்காம..."

"நான் ஊரு பாக்கவா வர்றேன்னு சொன்னேன்?"

சண்டை இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் கோவம் வந்துச்சு. ரெண்டு மாசமா மண்டையை ஒடைச்சு நோட்டு எழுதியிருக்கேன், இப்ப வந்து... "பின்ன எதுக்குத்தான் வர்ற?"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாவே.

அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏழு நாளு ராத்திரிக்கு என்ன வைக்கிறதுன்னு யாரும் கேக்க மாட்டாங்கள்ல. தண்ணி வந்துருச்சான்னு நான் முழிக்க வேணாம்ல. சும்மா உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான். ஊரெல்லாம் நீங்க போயிட்டு வாங்க, நான் வேணாங்கல"ன்னா.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

நாங்க வில்லாபுரத்துக்கு வந்த புதுசுல, தொண்ணூறுகளோட நடுவுல, இங்க தண்ணின்னா குடம்தான். விடியக் காலை மூணு மணியோ நாலு மணியோ, எந்தத் தெருவுல வருதுன்னு சத்தம் கேட்டு எந்திரிச்சு ஓடணும். லாரியில வந்தா குடத்துக்குக் காசு. பிளாஸ்டிக் குடம் வரிசையில இருந்தா அதுக்குச் சொந்தக்காரி பக்கத்துல இருக்கணும், இல்லன்னா குடம் பின்னாடி போயிரும். 1996 உள்ளாட்சித் தேர்தல்ல எங்க பகுதியில மார்க்சிஸ்ட் கட்சி சார்பா ஜெயிச்ச கவுன்சிலர் லீலாவதி, இந்தத் தண்ணி வியாபாரத்தை எதிர்த்துத்தான் மல்லுக்கு நின்னாங்க. குழாய்த் தண்ணி வரணும்னு நின்னாங்க. 1997 ஏப்ரல் 23-ம் தேதி அவங்களை வில்லாபுரத்துலயே வெட்டிக் கொன்னாங்க. தண்ணிக்காக ஒரு உசுரு போன ஊரு இது. அன்னிக்குத் தெருவுல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. தங்கமணி கைப்புள்ளைக்காரி. பயலை இடுப்புல வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா, அது எனக்கு ஞாபகம் இருக்கு.

நானும் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணி கொண்டாந்திருக்கேன். இல்லன்னு சொல்லல. ஆனா எத்தனை தடவைன்னு கேட்டா எண்ணிச் சொல்லிருவேன். அவ தடவையை எண்ண முடியாது. அப்புறம் குழாய் வந்துச்சு, போர் போட்டோம், மோட்டார் வந்துச்சு, ஆர்.ஓ. வந்துச்சு. மூணு மணிக்கு முழிப்பு வர்றது மட்டும் அவளுக்குப் போகல. பெங்களூர்ல பய வீட்டுக்குப் போனாலும் மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவா. "தூக்கம் வரல"ம்பா. நான் சுகர் செக் பண்ணச் சொன்னேன் பாருங்க. அவ்வ்வ்...

கரண்ட் வந்துச்சு. கீழ இருந்து அம்மா குரல், "ஏத்தா, மோட்டாரை அமத்துனியா?" தங்கமணி "இந்தா வர்றேன் அத்தை"ன்னு எந்திரிச்சா. நான் "இரு, நான் போறேன்"னு இறங்கினேன். மோட்டார் சுவிட்சு எதுன்னு தெரியாம டார்ச் அடிச்சுத் தேடினது தனிக் கதை. முப்பது வருசம்!

மறுநாள் நோட்டை அடிச்சுத் திருத்தினேன். ரெண்டு கடல் நாள், மூணு கடல் நாள் இருக்கற பயணமெல்லாம் பாத்தா ஒம்பது, பத்து ராத்திரி ஆகுது. அம்மாவை அத்தனை நாள் விட்டுட்டுப் போக முடியாது. திருமங்கலத்துல இருந்து அக்கா வந்து பாத்துக்கறேன்னு சொன்னதே போக வர பன்னெண்டு நாள் கணக்குக்குத்தான். அதனால வேற வழி யோசிச்சேன். கப்பல் துறைமுகத்துல நிக்கறப்ப நாம இறங்கியே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே! எல்லாரும் ஊரு பாக்கப் போயிருவாங்க, கப்பல் காத்தாடும். நீச்சல் குளத்துல கூட்டம் இருக்காது, சாப்பாட்டு ஹால்ல வரிசை இருக்காது. பழகினவங்க வேணும்னே அன்னிக்கு உள்ளயே இருப்பாங்களாம்.

அதனால மார்செய், ஜெனோவா, மெசினா மூணுக்கும் போட்ட சுற்றுலாவை ரத்து பண்ணிட்டேன். அந்தக் காசை உள் அறையில இருந்து பால்கனி அறைக்கு மாறப் போட்டாச்சு. ரெண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, எதிர்ல கடல். கணக்குப் பாத்தா இன்னும் கொஞ்சம் கையை விட்டுத்தான் போகுது. எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு அஞ்சு லட்சத்தை ஒட்டி வருது, அதுக்கு மேல கப்பல்ல தினப்படி சேவைக் கட்டணம்னு தலைக்கு இவ்வளவுன்னு தனியா எழுதுவாங்க. அதை நோட்டுல பாத்துட்டுத் தங்கமணி, "வேணாங்க, பழைய அறையே இருக்கட்டும்"னா. "நீ 'ம்' மட்டும் சொல்லு"ன்னேன். சொன்னா.

நேப்பிள்ஸ் மட்டும் என் ஊரு. துறைமுகத்துக்கு எதுத்தாப்புலயே முனிசிப்பியோன்னு மெட்ரோ ஸ்டேசன், ஏறி மூசேயோன்னு ஸ்டேசன்ல இறங்கினா அருங்காட்சியக வாசல். செவ்வாய்க்கிழமை லீவு. நல்லவேளை, எங்க கப்பல் வேற கிழமையில நிக்குது. "தனியா போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துருவேன்"னேன். தங்கமணி, "அந்த லட்சுமியை நானும்தான் ஒருதடவை பாத்துட்டு வர்றேன், அப்படி என்னதான் இருக்குன்னு"ன்னு கிளம்பத் தயாராயிட்டா. குரல்ல ஒரு மாதிரி இருந்துச்சு :-)

ஆனா இன்னொரு ஊரும் அவளே தேர்ந்தெடுத்தா. மால்டா. நான் நோட்டுல இருந்து வாசிக்கறப்ப, அந்த நாட்டுல வருசம் பூரா ஓடுற ஆறோ ஏரியோ கிடையாது, குழாயில வர்றதுல பாதிக்கு மேல கடல்ல இருந்து உப்பெடுத்த தண்ணின்னு சொன்னேன். நிமிந்து உக்காந்தா. "ஆறே இல்லாத ஊரா? எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்"னா. பார்சலோனால 2008-ல வறட்சி வந்து கப்பல்லயே குடிதண்ணி கொண்டாந்தாங்க, 2024 பிப்ரவரியில அந்தப் பகுதியில வறட்சி அவசரநிலை அறிவிச்சாங்கன்னும் சொன்னேன். "அங்கயுமா?"ன்னா. ஜோலார்பேட்டையில இருந்து 2019-ல சென்னைக்கு ரயில்ல தண்ணி போனதைச் சொன்னா, நான் மறந்தே போயிருந்தேன்.

வலெட்டால அவ மூட்டுக்கும் பிரச்சனை இல்ல. ஊரு கோட்டை மேல இருக்கு, ஆனா துறைமுகத்துப் பக்கத்துல இருந்து 58 மீட்டர் உசரம் தூக்கிட்டுப் போற லிப்ட் ஒண்ணு இருக்கு, 2012-ல கட்டினது. ஏறினதும் பூங்கா, கீழ துறைமுகம். கிரீஸ் பக்கம் சாண்டோரினி போற ரூட்டை எடுத்திருந்தா, ஐநூறு படிக்கு மேல, இல்லன்னா கழுதை, இல்லன்னா கேபிள் கார் வரிசை. பொழச்சோம்.

பயலுக்கு ஒரே பயம், 2012-ல இத்தாலிக் கரையில பாறையில இடிச்சுச் சாஞ்ச கோஸ்டா கன்கார்டியா கப்பலை ஞாபகம் வெச்சுக்கிட்டு. முப்பத்திரண்டு பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான், கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ ஆபத்துக்கால ஒத்திகையை முடிச்சே ஆகணும்னு விதியை இறுக்கினாங்க. அவன் அம்மாகிட்ட, "ஒத்திகைல தூங்கிராதீங்க"ன்னான். "உங்கப்பாதான்டா தூங்குவாரு, நான் முழிச்சிருப்பேன்"னா.

எங்கம்மாகிட்ட சொல்றதுக்குத்தான் எனக்கு உதறல். எம்பது தாண்டினவங்க. கடல் தாண்டக் கூடாதும்பாங்களோ, யாரு என்னைப் பாத்துக்கறதும்பாங்களோன்னு பைய ஆரம்பிச்சேன். வெத்தலையை மடிச்சு வாயில போட்டுட்டு, "அவளை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போன்னு நான் உங்கப்பா இருக்கறப்பவே சொன்னேன்டா. இப்பத்தான் காதுல விழுந்துச்சா?"ன்னாங்க. அப்படி எப்பவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. தங்கமணி அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஒண்ணும் பேசல. அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு மட்டும் தோசை ரெண்டு முறுகலா வந்துச்சு.

சென்னையில கைரேகை கொடுக்கற தேதி இன்னும் கிடைக்கல. தினம் காலையில எந்திரிச்சதும் அதைத்தான் பாக்கறேன். விசா வரலன்னா என்ன பண்றதுன்னு நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒரு மாற்றுத் திட்டம் எழுதி வெச்சிருக்கேன். சென்னைக் கப்பல். அதுலயும் பால்கனி அறை.

நேத்து மூணேகாலுக்கு எனக்கே முழிப்பு வந்துச்சு. பக்கத்துல தங்கமணி உக்காந்திருந்தா. "தண்ணி வந்துருச்சா?"ன்னேன், சும்மா கேலியா. "இன்னிக்கு மொறை இல்ல"ன்னா. அப்புறம் இருட்டுலயே, "அந்தக் கப்பல்ல மூணு மணிக்கு வெளிய வந்து உக்காந்தா குளிருமா?"ன்னு கேட்டா. செப்டம்பர் கடைசி, கடல் காத்து, ஒரு சால்வை இருந்தா போதும்னேன். எந்திரிச்சுப் போயி பீரோவைத் திறந்தா. எனக்கு ரிட்டயர்மென்ட்ல போத்தின சால்வையை எடுத்துப் பெட்டியில வெச்சுட்டு வந்து படுத்துட்டா.

டிஸ்கி: பெட்டியில ஏற்கெனவே பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் போயாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளிய எடுத்து வெக்க வேண்டியதாப் போச்சு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பால், கறி சாமான் எதையும் கொண்டுபோக ஐரோப்பாக்காரன் விடமாட்டான். கப்பல் குளியலறையில வாளி, மக் கிடையாது. எங்க வீட்டு நீலக் கலர் மக் பெட்டியில முதல் ஆளா ஏறி உக்காந்தாச்சு.